அம்மாவோட கட்டைவிரல்

ராத்திரி ஒரு மணிக்குப் பயத்துல அக்காவை எழுப்பிட்டேன்.

இது அந்தமான். எங்க தெருவுக்கு அடியில பூமித் தட்டு நகர்ந்துகிட்டே இருக்கு. அது சிக்கின இடத்தை அரசாங்கத்துலேர்ந்து அப்பப்போ லேசா ஆட்டி விடுவாங்க. இல்லன்னா எல்லாம் சேர்ந்து ஒருநாள் தெருவையே கவுத்துடும். ஆனா ஆட்டுறதுக்கு எல்லா வீடும் சம்மதம்னு ஃபோன்ல கைரேகை வைக்கணும்.

அம்மா மட்டும் ஏழு தடவை தள்ளி வச்சாச்சு. முகூர்த்த நாள்னா, "நல்ல நாளும் அதுவுமா வீட்டை ஆட்டுவாங்களா?"ன்னாங்க. அஷ்டமின்னா, "அஷ்டமில போய் ஆட்டுவாங்களா?"ன்னாங்க. மொதல்ல டம்ளர்தான் ஆடும்னு ஆட்டுறவங்க சொன்னாங்க. தள்ளித் தள்ளிப் போட்டதுல இப்போ பீரோவே ஆடுமாம்.

"அதான்க்கா, அம்மா தூங்கறப்ப அவங்க கட்டைவிரலை எடுத்து ஃபோன்ல வச்சுட்டேன். நாளைக்குக் காலைல பத்து நாப்பதுக்கு ஆட்டுறாங்களாம்."

"என்னைப் பொண்ணு பாக்க பத்தரைக்கு வர்றாங்களேடி."

"தெரியும்க்கா. அம்மா என்னைக் கொன்னுடுவாங்க. மாத்தச் சொல்லிடவா?"

அக்கா எழுந்து உக்காந்தா.

"மாத்தாத. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையிலதான் வருவாராம். காபியைச் சூடு ஆத்திட்டு, டம்ளர் நிறைய ஊத்தி, சரியா பத்து நாப்பதுக்குக் கொண்டுவர்றேன்"னு சொல்லிட்டுப் படுத்துட்டா.