பச்சைத் தூள்

அசல் சிமெண்டில் வீடு கட்டுவது குற்றமாகி எட்டு வருடமாகிறது. தூத்துக்குடியில் இப்போது எழும்பும் வீடெல்லாம் இரும்பாலைக் கசடும் அனல்மின் சாம்பலும் கலந்த கான்கிரீட்தான். அந்தச் சுவரில் துளை போட்டால் இளம்பச்சைத் தூள் கொட்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இன்ஜினியர் மணவாளனின் புதுமனை புகுவிழாவுக்குச் சித்தாள் பேச்சித்தாய் சுவர்க்கடிகாரம் வாங்கி வந்திருந்தாள். கசடு வீட்டுக்குப் பயந்து, புதிதாகக் கட்டிய காலனியில் ஜனங்கள் குடிபோக மறுத்தபோது, “நூறு வருஷம் நிக்கும், நான் பொறுப்பு” என்று மைக்கில் அடித்துச் சொன்னவர் அவர். அதை நம்பி முதலில் குடிபோனவள் இவள்.

மூலையில் கிடந்த டிரில்லிங் மெஷினை அவளே எடுத்துவிட்டாள்.

“இருக்கட்டும்மா, அப்புறம் மாட்டிக்கலாம்” என்று அவர் பதறி வருவதற்குள் துளை விழுந்துவிட்டது. கொட்டியது அசல் சிமெண்டுத் தூள். பச்சை நிறம் மருந்துக்கும் இல்லை.

அவர் மைக்கில் சொன்னது பொய்யில்லை. அந்தக் கான்கிரீட்டைச் சோதனைக்கூடத்தில் நசுக்கி நசுக்கிப் பார்த்தவர். தன் வீடு என்று வந்தபோதுதான் மனசு கேட்கவில்லை.

 விருந்தாளிகள் கண்ணில் படுமுன் பேச்சித்தாய் முந்தானையால் தூளைத் துடைத்தெடுத்துவிட்டுக் கடிகாரத்தை மாட்டினாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட அவருக்கு இத்தனை கூசியிருக்காது.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

“எங்க வீட்டுச் செவரு நிக்கும்லா சார்?”