தூளியில் கட்டிய மவுஸ்

ஒரு வீட்டில் லேப்டாப்பும் சேலைத் தூளியும் அருகருகே இருந்தன. தூளிக்குள் காய்ச்சலோடு குழந்தை மகிழினி கிடந்தாள். அவள் அப்பா சுகந்தன் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்ப்பவன்.

மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால் லேப்டாப்பில் ஆள் வேலையில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். உடனே மேனேஜர் கூப்பிடுவார். அதனால் சுகந்தன் மவுஸைத் தூளியோடு நூலால் கட்டிவிட்டுக் கஞ்சி வைக்கப் போனான். பிள்ளை புரண்டு தூளி ஆட ஆட, மேஜைமேல் மவுஸும் நகர்ந்தது.

அழுது அழுது பிள்ளை கண்ணயர்ந்தாள். தூளி மெல்ல நின்றது.

“ஏய், ஆடு! மஞ்சளாகப் போகுது!” என்று கத்தியது லேப்டாப்.

“இப்பத்தான் தூங்கினா. வாயை மூடு” என்றது தூளி.

“அவ தூங்கினா எனக்கென்ன? ஆடு!”

“பால் மறக்காத பிள்ளையையும் உன் ஆபீஸ் வேலைக்குச் சேர்த்துட்டியா? வெக்கமா இல்ல? ஆட மாட்டேன், போடா!”

புள்ளி மஞ்சளானது. மேனேஜரின் அழைப்பு அலறியது. பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டாள். கரண்டியோடு ஓடிவந்த சுகந்தன் முதலில் லேப்டாப்பைத்தான் தொட்டான்.

“இங்கதான் சார் இருக்கேன்” என்றவன், அழுகை கேட்காமலிருக்க மியூட்டை அழுத்தினான்.

“பாவி, பிள்ளை கதறுறது உனக்கும் உன் மேனேஜருக்கும் கேக்கலையா?” என்றது தூளி.

லேப்டாப் சொன்னது: “எங்களுக்கு எப்படிக் கேக்கும்? அவங்கப்பாதான் மியூட் பண்ணிட்டாரே!”