பாறையார் வீட்டு விருந்தாளி

பூமிக்கு அடியில், வெயில் எட்டிப் பார்க்காத ஆழத்தில், பாறையார் என்று ஒருவர் இறுகிக் கிடந்தார். பூமிக்குள் அமிழ்ந்துபோன கடல்தரையோடு வந்த கொஞ்சம் தண்ணீர் அவருக்குள் ஒண்டிக்கொண்டது. அது சேர்ந்ததும், அதுவரை உருக்காத அந்த ஆழத்துச் சூட்டிலேயே பாறையார் உருகிக் குழம்பாகிவிட்டார். மின்சாரம்கூட அவர் வழியாகத் தடங்கலில்லாமல் ஓடியது. “எல்லாம் நம்ம பரம்பரை உடம்புவாகு” என்று அவர் சொல்லிக்கொள்வார்.

ஒருநாள் பெரிய மின்சாரம் ஒன்று அந்தப் பக்கம் வருவதாகத் தகவல் வந்தது. பாறையாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீரைக் கூப்பிட்டார்.

“பெரிய இடத்து விருந்தாளி வர்றார். நீ யாருன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? அவர் போறவரைக்கும் மேலே இருக்கிற பாறைகிட்ட போய் இரு.”

“நான் போனா நீங்க இறுகிடுவீங்களே, ஐயா.”

“நூத்துல ஒரு பங்குகூட இல்லாத நீயா என்னை இளக்கி வெச்சிருக்கே? போ, போ!”

தண்ணீர் போய்விட்டது. பாறையாருக்குக் கால் விறைத்தது. விருந்தாளி வரும்போது விறைப்பாக நிற்பதுதானே முறை என்று தேற்றிக்கொண்டார். இடுப்பு விறைத்தது, அதை மிடுக்கு என்றே எடுத்துக்கொண்டார்.

மின்சாரம் வந்தது. பாறையாரை இரண்டு தடவை முட்டிப் பார்த்தது. மேலே இருந்த பாறை அப்போதுதான் தண்ணீர் சேர்ந்து இளக ஆரம்பித்திருந்தது. மின்சாரம் அதற்குள் புகுந்து ஓடிவிட்டது.

பாறையாருக்கு வாய் மட்டும் இன்னும் இறுகவில்லை.

“பெரியவங்க மேல கால் படக்கூடாதுன்னு ஒதுங்கிப் போறார் பாருங்க. மரியாதை தெரிஞ்சவர்!”