சத்தம் உண்டு, வேகம் இல்லை

“சத்தம் மட்டும் பெரிசா வருது. வண்டி நகரவே மாட்டேங்குது,” என்றார் தையல்காரர்.

“உங்களை மாதிரியே,” என்றாள் மனைவி, போனுக்குள்ளிருந்து.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை. திட்டுதான் என்றாலும் தையல்காரருக்குத் தேனாக இறங்கியது.

சாப்பாட்டு மேஜையில் பழைய படுக்கை விரிப்பு. அதன்மேல், தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டரான ஜெட் ஸ்கீயின் சூப்பர்சார்ஜர், இஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதுகிற சமாசாரம். காலையிலிருந்து மல்லுக்கட்டி, வண்டியின் வயிற்றிலிருந்து அதைப் பிடுங்கி எடுத்திருந்தார். முழங்கை வரை கிரீஸ். கழுத்தில் மட்டும் வழக்கம்போல அளவு டேப்; அது இல்லாவிட்டால் சட்டையில்லாமல் நிற்பது போல அவருக்குக் கூச்சம் வந்துவிடும்.

மனைவி படகு இஞ்சின் மெக்கானிக். மூழ்கிக் கிடந்த அந்த வண்டியைத் தேடி எடுத்து உயிர் கொடுத்தவள். வேறொரு துறைமுகத்தில் நல்ல வேலை கிடைத்தபோது, ‘போகாதே’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘போனா போ, எனக்கென்ன’ என்று சொல்லிவைத்தார் தையல்காரர். போய்விட்டாள். ‘வந்துடு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் குண்டூசியைக் கடித்தே பழகிய வாய். வேண்டிய நேரத்தில் திறக்காது.

“எட்டு மாசமா நல்லா ஓடிச்சாக்கும்?” அவள் குரலில் ஏதோ குத்தல்.

“அதெல்லாம் ஓடிச்சு, ஓடிச்சு...” என்று மழுப்பினார்.

“சரி. முதல்ல அந்தக் காத்தாடி நட்டைக் கழட்டுங்க. வலது பக்கமா திருப்பணும்.”

“வலது பக்கம்னா இறுகுமே?”

“இது தலைகீழ் மரை.”

“உங்க வீட்டு நட்டா?”

“நான் வாழ்க்கைப்பட்ட வீட்டு நட்டு. நேர் வழிக்கு வராது. திருப்புங்க.”

கழன்றது. ஒவ்வொரு பாகமாகப் பிரித்து, ‘சட்டைப் பித்தான்’, ‘கோட்டுப் பித்தான்’ என்று எழுதிய டப்பாக்களில் வரிசையாகப் போட்டார்.

“பல்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வாஷர் இருக்கும். அதுதான் சக்கரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கணும். தேய்ஞ்சா பிடி விட்டு வழுக்கும். எடுத்து அளந்து சொல்லுங்க.”

தையல்காரர் கழுத்து டேப்பை உருவினார்.

“அந்த டேப்பைக் கீழ வைங்க! வாஷருக்கு என்ன இடுப்பளவா எடுக்கப் போறீங்க? கருவி சுத்தின துணியில வெர்னியர் அளவுகோல் இருக்கும் பாருங்க.”

பார்க்காமலே எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ! எட்டு மாதமாக அவரை யாரும் இப்படி அதட்டவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டாலும் கேட்பாரில்லை. வெறுத்துப்போய், அவரே கொடியில் போடப் பழகிவிட்டார்.

அளவைப் படித்தார்.

“ரொம்பத் தேய்ஞ்சிருக்கு. வழுக்கத்தான் செய்யும்,” என்றாள். “மீட்டரைப் பார்த்து, வண்டி இதுவரைக்கும் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு சொல்லுங்க.”

போனோடு முற்றத்துக்குப் போய், வண்டி மூடியை விலக்கிப் பார்த்தார்.

“நூத்திப் பன்னெண்டு.”

“சும்மா சொல்லாதீங்க. நான் கிளம்பறப்பவே நூத்திப் பதினொண்ணு.”

“அதான்... போன ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஓட்டினேன்.”

“அதுக்கு முன்னாடி?”

தையல்காரர் வண்டி மேலிருந்த தூசியைக் கையால் துடைத்தார். கிரீஸும் தூசியும் சேர்ந்து இன்னும் அசிங்கமானது.

“கேக்கறேன்ல? வாராவாரம் போவீங்களே. மழை பெஞ்சாக்கூடப் போவீங்களே!”

“பின் சீட்டு காலியா இருந்தா பாரம் சரியா வராது,” என்றார் யாரோ சொல்வது போல. “போன வாரம்கூட, சும்மாவே கிடந்தா இஞ்சின் பாழாயிடுமேன்னுதான் எடுத்தேன். நீ உயிர் கொடுத்த வண்டியாச்சே.”

மறுமுனையில் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதுதான் சமயம், சொல்லிவிடு என்றது மனசு. வாயைத் திறந்தார். “வா...” என்றது வாய். “...வாஷர் வேற எங்க கிடைக்கும்?” என்று முடித்தது. தன் தலையில் தானே குட்டிக்கொண்டார்.

மேஜைக்குத் திரும்பி, அசடு வழிந்ததை மறைக்க ஒரு வாஷரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் நிஜமாகவே பார்த்தார்.

“ஆமா, எனக்கு ஒரு சந்தேகம். காலரைப் பார்த்தே சட்டை எத்தனை வருஷம் உழைச்சதுன்னு சொல்றவன் நான். இது வருஷக்கணக்கா உழைச்ச தேய்மானம். நீ ஊருக்குப் போறதுக்கு முந்தின நாள்தானே, புதுசு மாத்தறேன்னு நாள் பூரா இதைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தே? ஒரு மணி நேரத்துல புது வாஷர் இப்படியா தேயும்?”

பட்டறைச் சத்தம் சட்டென்று குறைந்தது. போனோடு வெளியே வந்துவிட்டாள் போலிருக்கிறது.

“மாத்தல. தேய்ஞ்சதையே திருப்பி மாட்டினேன். புதுசு ரெண்டும் என் கைப்பையில இருக்கு,” என்றாள். “ரெண்டு ஞாயித்துக்கிழமை ஓட்டினா வழுக்கும், அப்புறம் என்னைக் கூப்பிட்டுத்தான் ஆகணும்னு நினைச்சேன். நீங்க வண்டியையே எடுக்காம உக்காந்திருப்பீங்கன்னு நான் கண்டேனா?”