பனித்துளிக்குள் சிரித்தவர்

இறந்த அன்று காலையிலும் ஞானதாஸ் மொட்டைமாடியில் மண்டியிட்டு, செம்பருத்தியை மிக நெருக்கத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தார். பனித்துளி வேண்டுமென்று பூவில் தண்ணீர் தெளித்துப் படமெடுப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. "பூவுக்கு வேர்க்க வைக்கிறானுங்க, எஸ்தர்" என்று மனைவியிடம் சிரித்தார்.

அடக்கம் முடிந்த பிறகும் மகன் போனுக்கு அவர் பெயரில் தினம் ஒரு புதுப்படம் வந்தது. அவர் எடுத்த பழைய படங்களை வைத்து, கேமரா நிறுவனமே செயற்கை நுண்ணறிவால் அவர் பாணியில் தயாரித்து அனுப்பியது.

"அப்பா இன்னைக்கும் அனுப்பியிருக்காரும்மா!" மகன் போனை நீட்டினான்.

எஸ்தர் படத்தைப் பெரிதாக்கினாள். இதழெங்கும் பனித்துளிகள். ஒவ்வொரு துளிக்குள்ளும் ஞானதாஸ் மண்டியிட்டுச் சிரித்தார்.

"நிறுத்தச் சொல்லுடா."

"நிறுத்தினா அப்பா போயிடுவாரும்மா."

"அவர் கண்ணை நான்தாண்டா மூடினேன். இது யாரு?"

அவளே வந்த படங்கள் எல்லாவற்றையும் அழித்தாள்.

மாடியில் அன்றைய செம்பருத்தி, எப்போதும்போல், சாயங்காலத்துக்குள் சுருண்டிருந்தது.