இரண்டு கன்னத்திலும் வெயில்

மூன்றாவது நாளாக இன்றும் அவள் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கையில் போன். காலை வெயில் முகத்தில் மெத்தென்று விழுந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் திரும்பினாள். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

கண்ணாடி அறையில் இருந்த மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நகை, பத்திரம் வைக்க லாக்கர் வாடகைக்கு விடும் அந்தக் கம்பெனியில் அவளுக்குச் 'சொப்பனம்' என்று பட்டப்பெயர். ஆறு மாதமாகத் தற்காலிக வேலை. இந்த வாரம் மேனேஜர் கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் வீடு.

கொடுத்த வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. திங்கட்கிழமை தலைமை அலுவலகம் எல்லா வாடிக்கையாளருக்கும், 'நீங்கள் நீங்கள்தான் என்று உறுதி செய்யுங்கள்' என்று மெயில் அனுப்பும். திடுதிப்பென்று வந்தால் பாதிப் பேர் மோசடி என்று அழித்துவிடுவார்கள். பத்து நாளில் உறுதி செய்யாத லாக்கருக்குச் சீல். அதனால் இவள் முன்கூட்டியே ஒரு மெயில் போட வேண்டும். எந்த முகவரியிலிருந்து வரும், எதைக் கேட்கவே மாட்டார்கள், போன் திரையில் தெரியும் வட்டத்துக்குள் முகத்தை எப்படிக் காட்டுவது என்றெல்லாம். படித்தவர் 'தயார்' என்று பதில் போட்டால் பெயருக்கு நேரே ஒரு டிக்.

இருநூற்றுப் பதினொரு டிக் விழுந்து மூன்று நாளாகிறது. பாக்கி ஒன்று.

"அது எங்கயோ மிதக்குது சார். கூப்பிட்டாக்கூட காதுல விழாது" என்று பக்கத்து மேஜைக்காரர் ஊதிவிட்டார். இதற்கென்றே எல்லா ஆபீசிலும் ஒருவர் இருப்பார்.

மேனேஜர் எழுந்து வந்தார்.

"ஏம்மா, தூக்கமா, தியானமா?"

அவள் கண்ணைத் திறந்தாள். வெகுதூரத்திலிருந்து திரும்பி வந்தவள் மாதிரி அவரைப் பார்த்தாள்.

"அந்த ஒருத்தருக்குத்தான் சார் எழுதிட்டு இருக்கேன்."

"ஒருத்தருக்கு மூணு நாளா? எல்லாருக்கும் அனுப்பினதையே தட்டிவிட வேண்டியதுதானே?"

"அது அவருக்குச் சரிப்படாது சார்."

"ஏன், அவரு வானத்துல இருந்து குதிச்சாரா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். மேனேஜர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் பாதியில் நின்ற கடிதத்தை உரக்கவே வாசித்தார்.

"'காலை ஒன்பது மணிக்கு வெயில் விழும் ஜன்னல் முன் நில்லுங்கள். இரண்டு கன்னத்திலும் வெயில் ஒரே சூடாகப் படும்வரை மெல்லத் திரும்புங்கள். போனை மூக்கில் தொட்டுவிட்டு, கையை நேராக நீட்டுங்கள். முகம் வட்டத்துக்குள் வந்துவிடும். நான் ஏழு தடவை செய்து பார்த்ததில் ஐந்து தடவை சரியாக வந்தது...' என்னம்மா இது, கவிதையா? திரையப் பாத்தா வட்டம் தெரியப் போகுது. இதுக்குப் போயி கன்னம், மூக்குன்னு!"

"இன்னும் ரெண்டு தடவை செஞ்சு பாத்துட்டு அனுப்பிடறேன் சார்."

"யாரு அந்த மகாராஜா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேக்கறேன்ல? பேரைச் சொல்லு. இல்லேன்னா உன் பேப்பர்ல கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் பயந்துதான் போனாள். ஆனாலும், "சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாரு சார். போடலைன்னா பரவாயில்ல" என்றாள்.

பரவாயில்லையாம்! அவள் கை நீட்டித் தடுப்பதற்குள் மேனேஜர் மவுஸைப் பிடித்து நகர்த்தினார். கடிதத்துக்குக் கீழே வாடிக்கையாளர் எழுதிய மெயில் இருந்தது. அதையும் உரக்கத்தான் ஆரம்பித்தார். இரண்டாவது வரியிலேயே குரல் அடங்கிவிட்டது.

'திரையில் வட்டம் தெரியும் என்கிறாய் அம்மா. எனக்குக் கண்பார்வை போய் எட்டு மாதமாகிறது. உன் மெயிலை போன்தான் படித்துச் சொன்னது, இதையும் அதனிடம் பேசித்தான் எழுதுகிறேன். உங்கள் மேனேஜருக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவன் என் தம்பி. வந்து பார்க்கக்கூட நேரமில்லாமல் உழைக்கிறவன். தெரிந்தால் பாவம், பதறிப்போய்விடுவான்.'