தங்கம்மா என்று அடித்தால்

“வேற பொம்பிளையின்ர பேராய் இருந்தாலும் பரவாயில்லை, தம்பி. ஒளிக்காமல் சொல்லிப்போடுங்கோ.”

மஹ்றூப் தலையைச் சொறிந்தார். ஜும்ஆ முடிந்து வந்து சோறு தின்ற களைப்பு ஒரு பக்கம், எதிரே கதிரை நுனியில் இருந்த தங்கம்மாவின் முகம் இன்னொரு பக்கம். “இல்லக்கா, இன்னும் பிடிபடேல்ல,” என்றார். இந்தப் பதிலைச் சொல்வது இது நாலாவது வெள்ளி.

மஹ்றூப்புக்கு வவுனியாவில் புடவைக்கடை. மனம் மட்டும் பழைய லப்டொப்புகளில். சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விட்டுவிட்டுப் போன கிழடுகள் எல்லாம் அவருடைய அலுமாரியில்தான் குடியிருந்தன. யாரிடமும் ஒரு சதம் வாங்காமல் கழற்றுவார், துடைப்பார், பூட்டுவார். ஒன்றுக்கு உயிர் வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குப் பெருநாள். “எனக்குக் காய்ச்சல் எண்டா இவ்வளவு பார்க்க மாட்டாரு,” என்று மனைவி சபூறா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முறையிடுவாள்.

தங்கம்மா கொண்டுவந்தது, ஜேர்மனியிலிருக்கும் தம்பி கொடுத்த கருங்கல் பாரமான லப்டொப் பெட்டி. அவருடைய கணவர் கதிர்காமநாதன் பூவரசங்குளத்தில் கமக்காரர் சங்கச் செயலாளராக இருந்தவர். சங்கத்துக் கடிதங்கள் எல்லாம் அதில்தான். பங்குனியில் நெஞ்சுவலி வந்து மனிசன் போய்விட்டார்.

“உள்ளுக்க கிடக்கிற ஒண்டும் எனக்கு வேண்டாம்,” என்றார் தங்கம்மா. “திறக்கிற சொல் உன்ர பேர்தானடி எண்டு எத்தினை தரம் சொன்னவர். சொல்லிப்போட்டு, அதைத் தட்டேக்க மட்டும் கையால மறைச்சுக்கொண்டு தட்டுவார். என்ர பேரை எல்லா விதமாயும் அடிச்சுப் பாத்திட்டன், திறக்குதில்லை. நாப்பது வருசம் சமைச்சுப் போட்டனான், தம்பி. அது என்ன சொல் எண்டு தெரிஞ்சால் எனக்குக் காணும்.”

மஹ்றூப்பும் அடித்துப் பார்த்திருந்தார். ஆங்கிலத்தில் கடைசியில் எச் போட்டு, எச் போடாமல், ஜீக்குப் பதிலாகக் கே போட்டு. பெட்டியின் அடியைக் கழற்றி உள்ளேயிருக்கும் சின்னப் பற்றறியைப் பிடுங்கினால் பூட்டு தானாகத் திறந்துவிடும் என்பது முதல் நாளே அவருக்குத் தெரியும். பிடுங்கினால் அந்தச் சொல்லும் அழிந்துவிடும். பிறகு அது என்னவென்று ஆண்டவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் நாலு கிழமையாக அதில் கைவைக்கவில்லை.

தங்கம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, வேறு வழி தோன்றாமல், விசைகளைத் தூரிகையால் துடைக்கத் தொடங்கினார். எல்லா எழுத்தும் பளிச்சென்று இருக்க, அரைப்புள்ளி மட்டும் தேய்ந்து வெறுமையாய்க் கிடந்தது. ஆங்கிலத்தில் அதை யார் தொடுகிறார்கள்?

“பாமினி!” மஹ்றூப் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். பாமினி என்கிற எழுத்துருவில் தமிழ் அடிக்கிறவர்களுக்கு மெய்யெழுத்துக் குற்று அந்த விசையில்தான். ஒரு கடிதத்துக்கு இருநூறு தரம் குத்துவார்கள். “சபூறா, இஞ்ச ஓடி வா! மனிசன் பேரைத் தமிழிலதான் போட்டிருக்கிறார்!”

‘த’வுக்கு ஜே, ‘ங’வுக்குக் கியூ, குற்றுக்கு அரைப்புள்ளி. தங்கம்மாவை முழுதாக அடித்து, பிஸ்மி சொல்லித் தட்டினார்.

திறக்கவில்லை.

“அப்ப வேற பேர்தான் போல,” என்றாள் சபூறா, குரல் இறங்கி. “பாவம் அந்த மனிசி. இன்னும் எத்தினை வெள்ளி அவாவை பஸ்ஸில அலைய வைக்கப் போறீங்க?”

மஹ்றூப்புக்கு எலும்பெல்லாம் அலுத்துப்போயிற்று. திறக்காத பெட்டியைத் தாங்கலாம், அந்த முகத்தை இன்னொரு தரம் தாங்க முடியாது. திருப்புளியை எடுத்து அடியைக் கழற்றினார், பற்றறியைப் பிடுங்கினார். பெட்டி எல்லாவற்றையும் மறந்தது. பிறகு தன் கையாலேயே ‘தங்கம்மா’ என்று பாமினியில் அடித்துப் புதிய பூட்டுப் போட்டார்.

“பொய்தானே?” என்றாள் சபூறா.

“பொய்தான்,” என்றார் மஹ்றூப்.

அடுத்த வெள்ளி தங்கம்மா படலையைத் திறக்க முதலே அவர் வாசலுக்கு வந்துவிட்டார். “அக்கா, உங்கட பேர்தான்! ஆனா பாமினியில அடிச்சிருக்கிறார். அதுதான் நமக்குப் பிடிபடேல்ல!”

பாமினி என்றால் என்னவென்று அரைமணி நேரம் விளங்கப்படுத்த வேண்டிவரும் என்று நினைத்திருந்தார். வேண்டியிருக்கவில்லை. தங்கம்மா பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து பார்க்காமலே தன் பெயரை அடித்தார். திரை வெளிச்சமானது.

தங்கம்மா அந்தத் தேய்ந்த விசையை விரலால் ஒருதரம் தடவினார். “அப்ப என்ர பேர்தான்,” என்றார்.

“ஓமக்கா,” என்றார் மஹ்றூப். வாய்க்கு வாய் வரும் ‘வல்லாஹி’ என்ற சத்தியம் அன்றைக்கு மட்டும் வரவில்லை. சபூறா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

தங்கம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். இந்த ஐந்து வெள்ளியில் முதல்தரமாகத் தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தார். மஹ்றூப்புக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இன்றைக்குப் பின்னேரம் நிம்மதியாய் ஒரு நித்திரை கொள்ளலாம் என்று நினைத்தார்.

பையைத் தோளில் கொழுவிக்கொண்டு படலை வரை போன தங்கம்மா, நின்று திரும்பினார்.

“நீங்கள் நல்லாயிருக்கோணும், தம்பி. சங்கத்துக் கடிதமெல்லாம் அடிச்சுக் குடுத்தது நான். அவருக்குத் தமிழ் அடிக்கவே தெரியாது.”